கொல்லர் மகன் பாரடே

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

கல்லூரியில் சேர்ந்த அன்று, விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று எழுதினேன். எங்களுக்குக் காணி நிலமும் கிடையாது. என் தந்தை ஊரில் கொல்லுப்பட்டறை வைத்திருப்பவர். மைக்கேல் பாரடேயின் வரலாற்றைப் படித்த நாள் முதல் அந்தப் பொய் என்னை உறுத்தி வந்தது.

1791-இல் இலண்டனை ஒட்டிய நியூயிங்டனில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார் பாரடே. எழுத்தும் எண்ணும் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகப் போனார். பிறர் கட்டக் கொடுத்த நூல்களைப் படித்தே அறிவியல் கற்றார். 1812-இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அவற்றைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டே ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது! டேவியுடன் ஐரோப்பா சென்றபோது, டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். அதையும் பொறுத்துக்கொண்டார்.

1831-இல் ஓர் இரும்பு வளையத்தில் இரு கம்பிச் சுருள்களைச் சுற்றி மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். நம் தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு அதுவே பாட்டன். அந்த வளையத்தின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பட்டறைதான் நினைவுக்கு வரும்.

புகழ் தேடி வந்தது. சர் பட்டத்தை மறுத்தார். ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் வேண்டாமென்றார். ஆய்வுக்கூடமே அவருக்கு ஆனந்தம். 1867-இல் மறைந்தவரின் கல்லறையும் எளியதுதான்.

இவ்வாண்டு உதவித்தொகைப் படிவத்தில் கொல்லர் என்று எழுதி அப்பாவிடம் நீட்டினேன். உலையை விட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு கையொப்பமிட்டார்.