பாதி இறங்கிய இமை... கழுத்தில் ஆபத்து? வழிகாட்டிய டாக்டர் ஹார்னர்!

ஒரு பக்க இமை லேசா இறங்கியிருந்தா என்ன நினைப்பீங்க? தூக்கம் சரியில்லைனு விட்டுடுவீங்க, இல்லையா? ஆனா, 150 வருஷத்துக்கு முன்னாடி ஒரு டாக்டர் அப்படி விடலை. அவர் ஜோஹன் ஃப்ரெட்ரிக் ஹார்னர்.

1831-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பிறந்தவர். அங்கேயே மருத்துவம் படித்து 1854-ல் பட்டம் பெற்றார். பிறகு பெர்லினில், அந்தக் காலத்தின் பெரிய கண் மருத்துவரான கிரேஃபேவிடம் தொழில் கற்றார். ஊர் திரும்பியவர், சூரிச் பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவப் பேராசிரியராகவும் உயர்ந்தார்.

அந்த 40 வயதுப் பெண்

விவசாயக் குடும்பத்துப் பெண் ஒருவர் அவரிடம் வந்தார். பிரசவமான ஆறு வாரத்தில் வலது இமை இறங்க ஆரம்பித்திருந்தது. ஹார்னர் இமையோடு நிற்கவில்லை. அதே பக்கக் கண்பாவை சுருங்கியிருப்பதையும், முகத்தின் அந்தப் பாதி மட்டும் சிவந்து சூடாவதையும் கவனித்தார். கோளாறு கண்ணில் இல்லை, கழுத்து வழியாக ஏறும் சிம்பதெட்டிக் நரம்பில் என்று 1869-ல் எழுதினார்.

விலங்குகளிடம் இதை முன்பே கண்டவர் ஃப்ரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னார்ட். அதனால் ஃபிரான்ஸில் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். மற்ற பல இடங்களில் இது 'ஹார்னர் சிண்ட்ரோம்'. நிறக்குருடு தாய் வழியாக மகன்களுக்கு வருவதையும் ஆராய்ந்த ஹார்னர், 1886-ல், 55 வயதில் காலமானார்.

நமக்கு என்ன பாடம்?

அந்த நரம்பு, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியை ஒட்டியே மேலே ஏறுகிறது. விபத்திலோ, கழுத்தை வெடுக்குனு திருப்பும்போதோ, சில நேரம் காரணமே தெரியாமலோ தமனியின் உட்சுவர் கிழியலாம். ரத்தம் சுவருக்குள் புகுந்து வீங்கும், நரம்பு நசுங்கும், இமை இறங்கும். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இளம் வயதினருக்கும் இது வரும்.

ஒரு பக்க இமை திடீர்னு இறங்குதா, கண்பாவை சின்னதா இருக்கா? மங்கலான வெளிச்சத்தில் பாருங்க, வித்தியாசம் நல்லா தெரியும். பழைய போட்டோவோடும் ஒப்பிடலாம். கூடவே கழுத்துவலி, தலைவலி இருந்தாலோ, ஒரு கண்ணில் பார்வை மறைந்து திரும்பினாலோ, கண்ணுக்கு சொட்டு மருந்து போட்டுக் காத்திருக்காதீங்க. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்க. கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் பண்ணச் சொல்லிக் கேளுங்க.