கடல் கடந்து கட்டிய வீடு

'புதையல் தீவு' கதை எழுதிய ஸ்டீவன்சன் ஸ்காட்லாந்துக்காரர். இளமை முதலே நோயாளி. உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் ஊரைத் தேடி அலைந்தவர், 1889-ல் சமோவா தீவில் வந்து இறங்கினார். மறு ஆண்டே 300 ஏக்கருக்கு மேல் காடு வாங்கினார். இடத்தின் பெயர் வைலிமா. மரத்தால் பெரிய வீடு எழும்பிற்று. வெயில் கொளுத்தும் தீவில் குளிர்காயும் அடுப்பு வேறு! ஊர் ஞாபகம் போலும். எழுதிச் சம்பாதித்ததில் பெரும்பகுதி வீட்டுக்கே போயிற்று.

தீவில் பூசல் மூண்டு, தலைவர்கள் பலர் சிறைப்பட்டார்கள். அந்நியரான இவர் உணவு கொண்டுபோய்க் கொடுத்தார். 1894-ல் விடுதலையான தலைவர்கள், கூலி வாங்காமல் அவர் வீட்டுக்குச் சாலை போட்டுத் தந்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 3-ந்தேதி, 44-வது வயதில், ஸ்டீவன்சன் காலமானார். வையா மலை உச்சியில் அடக்கம் செய்யவேண்டும் என்பது அவர் ஆசை. மலைக்குப் பாதை இல்லை. தீவு மக்கள் காட்டை வெட்டி வழி உண்டாக்கி, மறுநாளே தோளில் சுமந்து ஏறினார்கள்.