ஹென்றி ஃபோர்ட்: நம் பால்மரத்தை நம்பி ஓடிய காரின் கதை

சுபாங் ஜெயாவில் இன்று வாசலுக்கு வாசல் கார் நிற்கிறது. 1976இல் அங்கு வீடமைப்புத் திட்டம் தொடங்கும் முன் அது சீபில்ட் ரப்பர் தோட்டம். பால்மரம் நின்ற மண்ணில் கார் நிற்பது தற்செயலாகத் தோன்றலாம். ஆனால் மலாயாவில் அவ்வளவு பால்மரங்கள் நடப்பட்டதற்கே கார்தான் முக்கியக் காரணம். அதன் டயருக்காகத்தான் நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்து காடு வெட்டினார்கள். அந்தக் காரைப் பணக்காரர் வீட்டிலிருந்து சாதாரணக் குடும்பத்துக்குக் கொண்டுவந்தவர் ஹென்றி ஃபோர்ட்.

விவசாயி மகன்

1863 ஜூலை 30ஆம் நாள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டியர்போர்ன் அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை வில்லியம் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். மகனுக்கு மண்வெட்டியில் மனம் ஒட்டவில்லை. அண்டை வீட்டாரின் கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டுவதே அவருக்கு விளையாட்டு. 1879இல் டெட்ராய்ட் நகருக்குச் சென்று பட்டறையில் தொழில் பழகினார். 1891இல் எடிசன் மின்நிறுவனத்தில் எஞ்சினியராகச் சேர்ந்தார்.

வேலை முடிந்த இரவுகளில் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் சொந்தமாக வண்டி கட்டினார். 1896 ஜூனில் வண்டி தயார். ஆனால் கொட்டகைக் கதவு சிறியது. வண்டி வெளியே வரவில்லை. கோடரியால் செங்கல் சுவரை இடித்து அதை வெளியே எடுத்தார். நான்கு சைக்கிள் சக்கரங்களில் ஓடிய அந்த முதல் வண்டியை 200 டாலருக்கு விற்று, அடுத்த வண்டிக்கு முதல் தேடினார்.

தொடக்க முயற்சிகள் கைகொடுக்கவில்லை. 1903இல் தொடங்கிய ஃபோர்ட் மோட்டார் நிறுவனம்தான் நிலைத்தது. மறுவருடமே அவர் ஒரு காரியம் செய்தார். தாம் விற்ற முதல் வண்டியைத் தேடிப் பிடித்து, 65 டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கினார். அது இன்றும் டியர்போர்னில் அவர் நிறுவிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஐந்து டாலர் சம்பளம்

1908இல் டி மாடல் கார் வந்தது. நான்கு சிலிண்டர், 20 குதிரைச் சக்தி எஞ்சின். கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை முடுக்க வேண்டும். மண்சாலை, மேடுபள்ளம் எல்லாவற்றையும் தாங்கியது. வாங்கியவரே சாவியும் சுத்தியலும் கொண்டு பழுது பார்க்கலாம். ஒரு காரின் பாகம் இன்னொரு காருக்கு அப்படியே பொருந்தும். நூறு ஆண்டுகள் கடந்தும் அவை ஓடுவதற்கு அந்த எளிமைதான் காரணம்.

1913இல் நகரும் தொகுப்பு வரிசை வந்தது. தொழிலாளி நின்ற இடத்தில் நிற்க, கார் அவரைத் தேடி வந்தது. ஒரு கார் பூட்டப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. 800 டாலரைத் தாண்டி விற்ற கார் 1925இல் 260 டாலருக்குக் கிடைத்தது. 1927இல் உற்பத்தி நிற்கும்வரை ஒன்றரைக் கோடி கார்கள் வெளிவந்தன.

ஒரே வேலையை நாள் முழுதும் செய்த சலிப்பில் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டார்கள். 1914இல் ஃபோர்ட் எட்டு மணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தார். உலகமே வியந்தது. ஆனால் அந்தச் சம்பளம் பெறுபவர் குடிக்கிறாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாரா என்று பார்க்க அவருடைய ஆட்கள் வீடு வீடாக வந்தார்கள். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கண்காணிப்பு புதிதல்ல.

தோற்றுப்போன தோட்டம்

1922இல் பிரிட்டிஷ் அரசு மலாயா, இலங்கை ரப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்து விலையை உயர்த்தியது. டயருக்கு அடுத்தவர் கையை எதிர்பார்க்க ஃபோர்டுக்கு விருப்பமில்லை. 1928இல் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றங்கரையில் காட்டை அழித்து, ஃபோர்ட்லாண்டியா என்ற சொந்தத் தோட்டத்தைத் தொடங்கினார்.

1876இல் ஹென்றி விக்காம் ரப்பர் விதைகளை எடுத்துச் சென்றது அந்த ஆற்றுப் பகுதியிலிருந்துதான். மலாயாவின் பால்மரங்கள் அந்த விதைகளின் வம்சம். ஆனால் தாய்மண்ணில் மரத்தோடு அதன் நோயும் இருந்தது. நெருக்கி நட்ட மரங்களை இலைக்கருகல் பூஞ்சை அழித்தது. அந்தப் பூஞ்சை இல்லாததால்தான் மலாயாவில் மரங்கள் செழித்தன. அமெரிக்கச் சாப்பாடும் சட்டதிட்டமும் பிடிக்காத தொழிலாளர்கள் 1930இல் கலகம் செய்தார்கள். அந்தத் தோட்டத்தில் ஃபோர்ட் ஒருநாள்கூடக் கால் வைக்கவில்லை. 1945இல் பெரும் நட்டத்துடன் அது பிரேசில் அரசிடமே திரும்பியது.

இரண்டு வேலைநிறுத்தங்கள்

ஃபோர்டின் பெயரில் அழியாத கறைகளும் உண்டு. அவருடைய பத்திரிகை யூதர்கள் மீது வெறுப்பைப் பரப்பியது. 1927இல் மன்னிப்புக் கேட்டார். தொழிற்சங்கத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். 1932இல் அவருடைய தொழிற்சாலையை நோக்கி ஊர்வலம் வந்த வேலையற்றோர்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

1941 ஏப்ரலில் அவருடைய ரூஜ் ஆலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. முடிவில் அவர் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தார். அதே மாதங்களில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் தலைமையில் நம் பாட்டாளிகளும் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கக் கேட்டார்கள். டெட்ராய்டில் கிடைத்தது ஒப்பந்தம். கிள்ளானில் கிடைத்தது துப்பாக்கிச் சூடு. நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். உலகத்துக் கார்களை ஓடவைத்த கைகளுக்குத் தோட்டத்துச் சாலையில் சைக்கிளில் நிமிர்ந்து போகும் உரிமைகூட இல்லை.

மறுவருடம், 1942 பிப்ரவரி 15இல், சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் இருந்த ஃபோர்ட் தொழிற்சாலையில்தான் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது. துரைமார் ஆட்சி அசைக்க முடியாதது என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

1943இல் ஒரே மகன் எட்ஸல் இறந்தார். 1947 ஏப்ரல் 7 இரவு, வெள்ளத்தால் மின்சாரம் நின்ற வீட்டில், விளக்கு வெளிச்சத்தில் 83 வயது ஃபோர்டின் உயிர் பிரிந்தது.

பழைய டி மாடல் கார் வைத்திருப்பவர்கள் எஞ்சினில் பொறித்த எண்ணைக் கொண்டு அது எந்த ஆண்டு, எந்த மாதம் பிறந்தது என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் பால் வாளி சுமந்தவர்களின் கதையை அறிய அப்படி ஓர் எண் கிடையாது. வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியிடம், எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த ஊரிலிருந்து வந்தோம் என்று கேட்டு எழுதி வைப்பதுதான் வழி. ஃபோர்ட் தம் முதல் வண்டியை விற்ற எட்டே ஆண்டுகளில் தேடிப் போனார். நமக்கு அவ்வளவு காலம் இருக்கும் என்று சொல்வதற்கில்லை.