பாப்பாரப்பட்டியில் ஓர் அடிக்கல்

அதியமானும் ஔவையும் நட்புப் பேணிய தகடூர் நாட்டில் பாப்பாரப்பட்டி ஒரு சிற்றூர். அங்கே 1923ஆம் ஆண்டு, வங்கத் தலைவர் சித்தரஞ்சன்தாஸ் பாரத மாதா கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். அவரை அங்கு வரவழைத்தவரோ கைப்பொருள் அற்றவர். தொழுநோய்ப் புண்களைத் துணியால் மூடிக்கொண்டு நடமாடியவர். அவரே சுப்பிரமணிய சிவா.

1884 அக்டோபர் 4ஆம் நாள் வத்தலக்குண்டில் பிறந்த சிவா, 1908இல் தூத்துக்குடிக்கு வந்து வ.உ.சிதம்பரனாருடன் இணைந்தார். கோரல் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் இருவர் குரலும் ஒன்றாக ஒலித்தது. அவ்வாண்டு மார்ச்சில் இருவரும் சிறைப்பட்டனர். ஜூலையில் நீதிபதி பின்ஹே வழங்கிய தீர்ப்பில் சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனை. மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. சிதம்பரனாருக்கோ, தம் பேச்சிற்கு விதிக்கப்பட்ட தண்டனையோடு, சிவாவுக்குத் துணைநின்ற குற்றத்திற்கெனத் தனியே இன்னொரு தண்டனையும் விதிக்கப்பட்டது. ஒருவரை நம்பி உடன்நின்றதையே குற்றமாக்கிய தீர்ப்பு அது. ஆயினும் அந்த நட்பு முறியவில்லை.

சிறையில் சிவாவைப் பற்றியது தொழுநோய். 1912இல் விடுதலையாகி வெளியே வந்தபோது அவருடன் நோயும் வந்தது. கொண்ட கொள்கையைக் கைவிட அதனினும் தக்க காரணம் வேண்டியதில்லை. அவரோ மறு ஆண்டிலேயே 'ஞானபாநு' என்னும் இதழைத் தொடங்கினார். புதுவையில் ஒதுங்கியிருந்த பாரதியாரின் எழுத்துகளும், சிறைமீண்ட சிதம்பரனாரின் எழுத்துகளும் அதில் இடம்பெற்றன. ஆட்சியின் சினத்திற்கு ஆளானவர்களுக்கு எழுத இடம் அளித்ததன் மூலம், தம்மை நம்பி உடன்நின்ற நண்பருக்குச் சிவா நன்றி செலுத்தினார் எனலாம்.

நீதிமன்றத்தினும் கடிய சோதனை இனிமேல்தான் வந்தது. தொற்றுநோயாளி என்று காட்டி அரசு அவருக்கு இரயில் பயணத்தைத் தடுத்தது. மக்களைச் சந்திப்பதே உயிர்மூச்சாகக் கொண்டவருக்கு அது மற்றொரு சிறை. நோய்க்கு அஞ்சி விலகியோரை அவர் வெறுக்கவில்லை. அவர்களை நாடியே சென்றார். கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகச் சென்று பேசினார். 1921இல் மீண்டும் சிறை புகுந்தார். உடல் குலைந்தது, உறுதி குலையவில்லை.

அந்த அலைச்சலின் இறுதியில் அவரை ஏற்றுக்கொண்டது பாப்பாரப்பட்டி. ஆங்கிருந்த அன்பர்களின் துணையோடு பாரத ஆசிரமம் அமைந்தது. சாதி சமய வேற்றுமையின்றி யாவரும் வழிபடத்தக்க கோயில் ஒன்றை அங்கே எழுப்ப அவர் விரும்பினார். அடிக்கல் நாட்டப்பட்டும் பணி நிறைவேறவில்லை. 1925 ஜூலை 23ஆம் நாள், நாற்பத்தொரு வயது நிறையுமுன்னரே, அவ்வூரிலேயே அவர் மறைந்தார். அன்று அவர் கண்முன் இருந்தது கல் மட்டுமே, கோயில் இல்லை.

தம் வாழ்நாளில் முடியாது என்று அறிந்த பணியையும் தொடங்கிவைப்பதற்குத் தன்மீது கொள்ளும் நம்பிக்கை மட்டும் போதாது. பின்வருவோர்மீதும் நம்பிக்கை வேண்டும். சிவாவிடம் இரண்டும் இருந்தன. அவரைப் புறந்தள்ளாத சிற்றூர் மக்கள் அதற்குத் தக்கவர்களாக விளங்கினர். பின்னர், 1965இல் தருமபுரி தனி மாவட்டமானது. அடிக்கல் நாட்டி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தபின், 2021இல் தமிழ்நாடு அரசு பாப்பாரப்பட்டியில் பாரத மாதா நினைவாலயத்தைத் திறந்தது. அவர் துயிலும் மண்ணில் அவர் கண்ட கனவு கட்டடமாக நிற்கிறது.