ஊரையே பாடமாக்கிய குமரப்பா

வேகவதி ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஜே.சி. குமரப்பாவின் நினைவு வருகிறது. காஞ்சிபுரத்தின் கழிவுநீரைச் சுமந்து பாலாற்றை நோக்கிச் செல்லும் அந்த ஆற்றின் இழப்பு எந்த வரவு செலவுக் கணக்கிலும் இல்லை. ஆண்டுக்கணக்கில் பொருளியல் கற்பித்த நானும், பணி ஓய்வுக்குப் பிறகே குமரப்பாவை முழுமையாகப் படித்தேன் என்பதைக் கூச்சத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில் பிறந்த குமரப்பா, லண்டனில் பயின்று கணக்குத் தணிக்கையாளர் ஆனார். பம்பாயில் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் படித்தபோது, ஆங்கிலேய அரசின் நிதிக் கொள்கைக்கும் இந்திய வறுமைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அந்த ஆய்வே 1929-ல் அவரைக் காந்தியிடம் கொண்டுசேர்த்தது. மேல்நாட்டு உடையைத் துறந்து கதருக்கு மாறினார்.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாத்தர் வட்டத்துக் கிராமங்களை ஆராயும் பணியைக் காந்தி அவரிடம் ஒப்படைத்தார். குஜராத் வித்யாபீட மாணவர்களைத் துணைக்கொண்டு, நிலம், கால்நடை, கடன், வரி என ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். 1931-ல் அறிக்கை வெளியானது. அந்த மாணவர்களுக்குக் கிராமமே பாடநூலானது.

1934-ல் தொடங்கப்பட்ட அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தின் செயலாளராக வார்தாவில் பணியாற்றினார். எண்ணெய் ஆட்டுதல், கைக்காகிதம், தேனீ வளர்ப்பு ஆகியவற்றில் கிராமத் தொண்டர்கள் அங்கே பயிற்சி பெற்றனர். மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கும் அங்கே உருவானது.

சிறையில் எழுதி 1945-ல் வெளிவந்த நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில், எடுக்க எடுக்கத் தீரும் நிலக்கரி, கனிம எண்ணெய் போன்ற செல்வங்களையும், பேணினால் தொடர்ந்து பயன்தரும் இயற்கை வளங்களையும் அவர் பிரித்துக் காட்டினார். முந்தையதை நம்பிய வாழ்வு போட்டிக்கும் போருக்கும் இட்டுச்செல்லும் என்று எச்சரித்தார். நாடு பெருந்தொழில் பாதையில் சென்றதால் அவர் குரல் ஒதுக்கப்பட்டது. இறுதி ஆண்டுகளை மதுரைக்கு அருகே தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்தார். 1960-ல், காந்தி மறைந்த அதே ஜனவரி 30 அன்று அவரும் மறைந்தார்.

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் இளைஞர்களுக்கு அவருடைய வழிமுறை இன்றும் பொருந்தும். ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது, கிணற்று நீர் எத்தனை அடி இறங்கியிருக்கிறது, பட்டுக்குச் சாயமேற்றிய நீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பவற்றை அவர்களே எழுதட்டும். கல்லூரிகள் அதற்கு மதிப்பெண் வழங்கட்டும். அந்தக் கணக்கு கிராமசபையில் வைக்கப்பட வேண்டும். ஊரின் இழப்பை ஊரே அறிந்துவிட்டால், அதை மறைப்பது எவருக்கும் எளிதன்று.