அடையாற்றிலிருந்து சீமைக்கு

சென்னை மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுகிறவர் இன்று ஏறக்குறைய 11 மணி நேரத்தில் லண்டனில் இறங்கிவிடுகிறார். ஆகாய வழியில் தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர். அன்னி பெஸன்ட் அம்மையார் அடையாற்றில் வாழ்ந்த நாளிலோ அது வாரக்கணக்கான ரயில், கப்பல் பிரயாணம். அம்மையாரின் வாழ்க்கையிலே மிகக் கசப்பான வழக்கொன்றை அந்தத் தூரமே முடித்து வைத்தது.

1847ல் லண்டனில் பிறந்த அம்மையார், பாதிரியாரான கணவரைப் பிரிந்து நாத்திகம் பேசியவர். அதன் பலனாக 1878ல் தம் மகளை நீதிமன்றத்தில் பறிகொடுத்தார். பிறகு பிரம்மஞான சபையில் சேர்ந்து, 1893 நவம்பர் 16ந் தேதி தூத்துக்குடியில் வந்திறங்கினார். 1907ல் சபையின் தலைவியானார்.

அடையாற்றில் சபை அலுவல் பார்த்துவந்த நாராயணய்யா ஓய்வுபெற்ற தாசில்தார், மனைவியை இழந்தவர். அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியை 1909ல் கடற்கரையில் கண்ட லெட்பீட்டர், உலக குருவாகப் போகிறவன் இவனே என்று தீர்மானித்தார். மறு ஆண்டு மார்ச்சில் தகப்பனார், கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்யானந்தாவையும் அம்மையாரின் பராமரிப்பில் விட்டு எழுதிக் கொடுத்தார். 1911 ஏப்ரல் 22ல் பம்பாயில் கப்பலேறிய பிள்ளைகள் மே 5ந் தேதி லண்டன் சேர்ந்தனர். சென்னையிலிருந்து பம்பாய்க்கு ரயிலில் போகும் நாட்கள் தனிக் கணக்கு.

அவ்வாண்டுக் கடைசியில் ஊர் திரும்பியவர்கள் 1912ல் மீண்டும் சீமைக்குப் போனார்கள். லெட்பீட்டரின் சகவாசம் பிடிக்காத தகப்பனார் பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு வழக்குத் தொடுத்தார். அவருக்காக ஆஜரானவர், மயிலாப்பூர் வக்கீல்களில் முன்னணிக்கு வந்துகொண்டிருந்த ஸி. பி. ராமசாமி ஐயர். அம்மையார் தம் கட்சியைத் தாமே வாதாடினார். 1913 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம், பிள்ளைகளைத் தகப்பனாரிடம் ஒப்படைக்கும்படி தீர்ப்பளித்தது. அப்பீலிலும் அம்மையாருக்குத் தோல்விதான். ஆனால் பிள்ளைகளோ இங்கிலாந்தில்!

1914 மே மாதம் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பை மாற்றியது. வழக்கு முதலில் தாக்கலானது செங்கற்பட்டு ஜில்லா கோர்ட்டில். பிள்ளைகள் அந்த ஜில்லாவில் வசிக்கவில்லை. பரிகாரம் வேண்டுமானால் தகப்பனார் இங்கிலாந்து நீதிமன்றத்தை அணுகட்டும் என்பது முடிவு. தாசில்தார் பென்ஷனில் சீமைக்குப் போய் வழக்காடுவது நடக்கிற காரியமா? சட்டம் சரியாகவே இருக்கலாம். ஆயினும் ஒரு காலத்தில் மகளைப் பறிகொடுத்த தாய்க்கு இந்தத் தகப்பனின் மனம் தெரியாமலா இருந்திருக்கும்?

எதிர்த்து வாதாடிய ஸி. பி.யோ, 1916ல் அம்மையார் தொடங்கிய ஹோம் ரூல் இயக்கத்தில் அவருக்கு வலக்கையானார். 1917ல் சர்க்கார் அம்மையாரை உதகையில் காவலில் வைத்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அவர் கல்கத்தா காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார்.

1927ல், எண்பதை எட்டும் வயதில், அம்மையார் ஆகாய விமானமேறி ஐரோப்பிய நகரங்களைச் சுற்றிப் பிரசங்கம் செய்தார். இளைஞர்களே விமானமேற அஞ்சிய காலம் அது! இரண்டு ஆண்டு கழித்து, 1929 ஆகஸ்ட் 3ல், ஹாலந்தில் ஓமன் என்னும் ஊரில் கிருஷ்ணமூர்த்தி தமக்காக ஏற்படுத்திய நட்சத்திர சங்கத்தையே கலைத்துவிட்டார். அம்மையாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

1932 அக்டோபரில், லண்டனிலிருந்து கராச்சிக்கு வந்த ஆகாயத் தபாலை டாட்டா கம்பெனி விமானம் பம்பாய், பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவரத் தொடங்கியது. அதற்குள் அம்மையார் மூப்பினால் தளர்ந்து, பிரயாணங்களை நிறுத்தியிருந்தார். மறு ஆண்டு செப்டம்பர் 20ந் தேதி அடையாற்றில் காலமானார்.