இரண்டு கண்ணாடிகள்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், யோசமிட்டிப் பள்ளத்தாக்கின் கிழக்குக் கோடியில், ஹாஃப் டோம் என்னும் பெரும்பாறையின் அடிவாரத்தில் ஒரு சிறு நீர்நிலை உண்டு. மிரர் லேக் என்பது அதன் பெயர். தமிழில் கண்ணாடி ஏரி எனலாம். ஏரி என்பதும் ஒரு மரியாதைக்குத்தான். டெனாயா ஓடையின் குறுக்கே முன்னொரு காலத்தில் சரிந்து விழுந்த பாறைகள் தாமே அணையாகி நீரைத் தடுத்து நிறுத்தியதால் உண்டானது அது. இளவேனிலில் மலைப்பனி உருகும்போது ததும்பி நிற்கும். கோடை முதிர முதிர ஓடை இளைக்கும், ஏரி சுருங்கும், நடுவே மணல்திட்டுகள் தலைகாட்டும். இலையுதிர் காலத்தில் வருபவர் இங்கே ஏரி என்று ஒன்று இருந்ததா என ஐயுறுவார். பிறகு பனி வந்து அந்த ஐயத்தையும் சேர்த்து மூடிவிடும். நிறைந்திருக்கும் காலத்திலும், காற்று எழுவதற்கு முன்னுள்ள விடியற்பொழுதில்தான் அது தன் பெயருக்கு உண்மையாக இருக்கும். அந்தச் சிறுபொழுதைத் தேடி ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலத்தில் மீண்டும் மீண்டும் மலையேறி வந்தவர் நிழற்படக் கலைஞர் கார்ல்டன் வாட்கின்ஸ்.

நியூயார்க் மாநிலத்து ஒனியான்டா என்னும் சிற்றூரில் 1829 நவம்பர் 11-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை தச்சர்; விடுதியும் நடத்தியவர். அவ்வூரில் கடை வைத்திருந்த காலிஸ் ஹன்டிங்டன் அவருக்கு நண்பர். பின்னாளில் மத்திய பசிபிக் இருப்புப்பாதையின் நான்கு முதலாளிகளுள் ஒருவராகிப் பெருஞ்செல்வம் குவித்தவர் இந்த ஹன்டிங்டன். பொன் கிடைக்கிறது என்று நாடே மேற்கு நோக்கி ஓடிய நாட்களில் இருவரும் கலிபோர்னியாவுக்கு வந்தனர். ஹன்டிங்டன் வணிகத்தில் வேரூன்றினார். வாட்கின்ஸ் சரக்கு சுமக்கும் வேலையும் கடைக் கணக்கர் வேலையுமாகச் சில ஆண்டுகளைக் கழித்தார். நிழற்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அதுவரை இருந்ததாகத் தெரியவில்லை.

அத்தொழிலுக்கு அவர் வந்த விதம் ஒரு வேடிக்கைக் கதைபோல வழங்குகிறது. ராபர்ட் வான்ஸ் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் புகழ்பெற்ற நிழற்படக்காரர். அவருடைய சான் ஹோசே நிலையத்தில் வேலைபார்த்தவர் திடீரென விலகிவிட, மாற்று ஆள் கிடைக்கும்வரை பெயருக்கு ஒருவர் அங்கே இருக்கட்டும் என்று வாட்கின்ஸை அனுப்பினாராம். ஞாயிற்றுக்கிழமை வருவோரை உட்காரவைத்துப் படம் எடுப்பதுபோல் பாவனை செய்தால் போதும், பிறகு வந்து சரிசெய்து கொள்ளலாம் என்பது ஏற்பாடு. வான்ஸ் வந்து பார்த்தபோது பாவனைக்கு உட்காரவைத்தவர் உண்மையாகவே படம் எடுக்கக் கற்றுக்கொண்டிருந்தார். 1850களின் இறுதிக்குள் வாட்கின்ஸ் தமக்கெனத் தனித் தொழில் தொடங்கிவிட்டார். சுரங்கங்களையும் வழக்கிலிருந்த நிலங்களையும் படம்பிடித்துத் தருவது அவருடைய பிழைப்பாயிற்று. எல்லைத் தகராற்றில் நீதிமன்றத்துக்குச் சான்றாகப் போகும் படத்தில் ஒரு மரமும் ஒரு கல்லும் மங்கலாக இருக்கலாகாது. பின்னாளில் மலையையும் நீரையும் அவர் பார்த்த பார்வையில் உள்ள கண்டிப்பு இந்தப் பிழைப்பிலிருந்து வந்தது என்று கொள்வது தவறாகாது.

1861-இல் அவர் யோசமிட்டிக்குச் சென்றார். அவருக்கு முன்பே, 1859-இல், சார்லஸ் வீட் என்பவர் அங்கே படம் எடுத்திருந்தார். வாட்கின்ஸ் கொண்டுசென்ற கருவி வேறு வகையானது. 18 அங்குல அகலமும் 22 அங்குல நீளமும் உள்ள கண்ணாடித் தகடுகளைக் கொள்ளுமாறு தச்சரிடம் சொல்லிச் செய்வித்த பெரும்பெட்டி அது. அக்காலத்தில் படத்தைப் பெரிதாக்கும் வழி நடைமுறையில் இல்லை. தகடு எவ்வளவோ அவ்வளவே படம். மலையின் பெருமையைத் தாளில் காட்ட வேண்டுமானால் அதற்கேற்ற பெருங்கண்ணாடியைச் சுமந்தே ஆக வேண்டும். பள்ளத்தாக்குக்கு வண்டிப்பாதையும் கிடையாது. முதல் வண்டிச்சாலை வந்ததே 1874-இல்தான். தகடுகள், மருந்துப் புட்டிகள், இருட்டுக்கூடாரம், உணவு அனைத்தும் கோவேறு கழுதைகளின் முதுகில் ஒற்றையடித் தடத்தில் ஏறி இறங்கின.

அன்றைய முறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இல்லையேல் அந்த மனிதரின் உழைப்பு விளங்காது. கூடாரத்து இருளில் கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசைநீரை ஒரு திட்டும் ஒரு குமிழியும் இல்லாமல் ஊற்றிப் பரப்ப வேண்டும். வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அதைத் தோய்க்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் பெட்டியில் செருகி ஒளி காட்டி, மீண்டும் கூடாரத்துக்கு ஓடி வந்து உருத்துலக்க வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள். ஈரம் உலர்ந்தால் படம் இல்லை. தூசி ஒட்டினால் படம் இல்லை. கை நடுங்கினால் தகடே இல்லை. இத்தனையையும் அந்த அளவுத் தகட்டில் செய்து, வெயில் வாட்டும் மலைத்தடத்தில் உடையாமல் இறக்கிக் கொண்டுவந்தார். அந்த ஒரு பயணத்தில் மட்டும் 30 பெருந்தகடுகள். இரட்டைக்கண் படங்கள் ஏறத்தாழ 100.

கண்ணாடி ஏரியின் முன் அந்தப் பெட்டியை நிறுத்தியபோது ஒரு புதுமை நிகழ்ந்தது. கொலோடியன் நீல ஒளிக்கு மிகையாக இணங்கும். ஆகவே வானம் வெறும் வெள்ளையாகிவிடும், முகில் ஒன்றும் தங்காது. ஒளி நெடுநேரம் விழ வேண்டியிருப்பதால் ஓடும் நீர் உருவிழந்து பஞ்சாகிவிடும். ஆக, வானமும் அருவியும் அந்த முறைக்கு அகப்படாதவை. அசைவற்ற நீர் மட்டும் முழுமையாக அகப்படும். அதிலும், நீரிலிருந்து மீளும் ஒளி நேரொளியைவிடக் குறைவு என்பதால், மேலே வெளிறிப்போகக்கூடிய பாறைமுகம் கீழே நீருக்குள் செறிவோடு பதியும். அவருடைய ஏரிப் படங்களைப் பார்ப்பவருக்கு எது மலை, எது நிழல் என்று ஒரு கணம் மயக்கம் ஏற்படுவது இதனால்தான். தமிழில் முகம் பார்ப்பதற்கும் கண்ணாடிதான், மருந்து பூசும் தகட்டுக்கும் கண்ணாடிதான். அந்த விடியற்பொழுதுகளில் ஒரு கண்ணாடி இன்னொன்றை எதிர்கொண்டது. முன்னதற்குக் காற்று பகை. பின்னதற்கு வெயில் பகை. இரண்டும் ஒருசேர அடங்கியிருக்கும் நேரத்தை அவர் கண்டுபிடித்திருந்தார்.

1862 இறுதியில் அப்படங்கள் நியூயார்க்கின் கூப்பில் காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டன. உள்நாட்டுப் போரின் சாவுச்செய்திகளுக்கு நடுவே வாழ்ந்த மக்கள், குருதி படாத ஒரு நிலம் தங்கள் நாட்டில் இருப்பதைப் பார்த்தார்கள். எமர்சன் போன்றோர் அப்படங்களைப் போற்றினர். 1864-இல் செனட்டர் ஜான் கானஸ், யோசமிட்டியைத் தனியாருக்கு விற்காமல் மக்களுக்கென்று காக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார்; ஜூன் 30-ஆம் நாள் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். லிங்கன் வாட்கின்ஸின் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பமிட்டார் என்று சொல்லும் கதைக்குச் சான்று இல்லை. கிழக்கத்தியருள் மிகச் சிலரே நேரில் கண்டிருந்த அந்நிலத்தை மற்றவர் கண்முன் நிறுத்தியவை இத்தகைய படங்களே என்பது மட்டும் மறுக்க முடியாதது. ஒன்றையும் மறைக்கலாகாது: அந்தப் பள்ளத்தாக்கு ஆளற்ற நிலமன்று. 1851-இல் படைதிரட்டிச் சென்று அவானீச்சி மக்களை அங்கிருந்து விரட்டியிருந்தார்கள். அவர்களுடைய தலைவர் டெனாயாவின் பெயரைத்தான் ஓடைக்கு இட்டார்கள். வாட்கின்ஸின் ஏரிக்கரையில் நிலவும் ஆழ்ந்த அமைதியில் இந்த வெறுமையும் கலந்திருக்கிறது.

1865-லும் 1866-லும் நில ஆய்வுக் குழுவினருக்காக மீண்டும் சென்றார். 1867-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் பதக்கம் கிடைத்தது. கண்ணாடி ஏரியில் நிழல் விழும் மலை ஒன்றுக்கு வாட்கின்ஸ் மலை என்று அவர் வாழும்போதே பெயரிட்டனர். சான் பிரான்சிஸ்கோவின் மான்ட்கமரி தெருவில் யோசமிட்டிக் கலைக்கூடம் என்று பெரிய நிலையம் ஒன்றை நிறுவினார். புகழ் வந்த அளவுக்குப் பொருள் வரவில்லை. அவருடைய படங்களைப் பிறர் படியெடுத்து விற்றனர். தாராளமாகச் செலவிட்ட அவருக்குக் கணக்குப் பார்க்கும் பழக்கமும் குறைவு. கடன் வாங்கியே கூடம் நடந்தது.

1875-இல் கலிபோர்னியா வங்கி முறிந்தது. அந்த வீழ்ச்சியில் வாட்கின்ஸும் அகப்பட்டார். கடன் கொடுத்த குக் என்பவரிடமும், ஐசையா டேபர் என்னும் நிழற்படக்காரரிடமும் கலைக்கூடம் போயிற்று. கூடத்தோடு அதிலிருந்த தகடுகள் அனைத்தும் போயின. பிறகு அதே கண்ணாடி ஏரி, அதே மலை, அதே விடியல், டேபரின் பெயரைத் தாங்கி விற்பனைக்கு வந்தன. சட்டப்படி அதில் குற்றம் இல்லை. ஆயினும் தன் பாட்டு வேறொருவன் முத்திரையோடு ஊரெங்கும் பாடப்படுவதைத் தெருவில் நின்று கேட்கும் புலவனின் நிலை எதுவோ, அதுவே அவர் நிலை.

இந்த இடத்தில்தான் வாட்கின்ஸின் உண்மையான உயரம் தெரிகிறது. நாற்பத்தைந்து வயதைக் கடந்த மனிதர், எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்கத் தொடங்கினார். புதிய வரிசை என்று அதற்குப் பெயரிட்டார். முன்பு நின்ற இடங்களுக்கே கருவியோடு சென்று நின்றார். ஆனால் ஒரே ஏரியை இரண்டு முறை எடுக்க எவராலும் ஆகாது. ஓடை கொணரும் மணல் ஆண்டுக்காண்டு படிகிறது, கரை நகர்கிறது, ஒரு மரம் சாய்கிறது, ஒன்று முளைக்கிறது. பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், ஓர் ஏரியின் பருவங்களை மட்டுமன்றி அதன் முதுமையையும் காண்கிறார். பறிகொடுத்ததை ஈடுசெய்யப் போனவர் தமக்கே தெரியாமல் காலத்தின் கணக்கை எழுதிவைத்தார்.

ஹன்டிங்டனின் நட்பினால் இருப்புப்பாதை அவருக்கு உதவியது. பாதை ஓடும் மலைகளில் டானர் ஏரியை மேலிருந்து எடுத்தார். 1846-47 குளிர்காலத்தில் குடியேறிகள் பனியில் சிக்கிப் பட்டினியால் மடிந்த கரை அது. அவர் படத்தில் எதுவும் அறியாததுபோல் ஒளிர்கிறது. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 6,225 அடி உயரத்தில் உள்ள டாஹோ ஏரிக்கும் சென்றார். கண்ணாடி ஏரிக்கு நேர் எதிரானது அது. கோடையில் வற்றுவதில்லை, குளிர்காலத்தில் உறைவதுமில்லை. அங்கே கிளென்புரூக் கரையில் மர அறுவை ஆலைகள் புகைந்துகொண்டிருந்தன. நெவாடா வெள்ளிச் சுரங்கங்களைத் தாங்கக் கரைக்காடுகள் வெட்டப்பட்டு நீரில் மிதந்து வந்தன. அவற்றையும் எடுத்தார். அழகை மட்டும் பொறுக்கி எடுக்கும் கண் அன்று அவருடையது. சுரங்க வழக்குகளுக்குச் சான்று எடுத்த பழைய கண் அங்கும் விழித்திருந்தது.

1879-இல், தம் ஐம்பதாம் பிறந்தநாளில், தம்மிலும் மிக இளையவரான பிரான்சஸ் ஸ்னீட் என்பவரை மணந்தார். மகள் ஜூலியாவும், நண்பரின் பெயரே இடப்பட்ட மகன் காலிஸும் பிறந்தனர். 1890களில் பார்வை மங்கத் தொடங்கியது. வாடகை கொடுக்க வழியின்றி, கைவிடப்பட்ட இரயில் பெட்டியொன்றில் குடும்பத்தோடு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு வாழ்ந்தார். பிறகு ஹன்டிங்டன் கேப்பே பள்ளத்தாக்கில் ஒரு பண்ணையை அவருக்கு எழுதிக்கொடுத்தார்.

முதுமையில் அவருக்கு இருந்த ஒரே செல்வம் சான் பிரான்சிஸ்கோ நிலையத்தில் அடுக்கியிருந்த தகடுகளும் படங்களுமே. அவற்றை ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்கு மாற்றுவது பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்நிலையில் 1906 ஏப்ரல் 18 விடியற்காலையில் நிலம் நடுங்கியது. தொடர்ந்து எழுந்த தீயில் நிலையம் எரிந்தது. அந்த நாளில் எடுக்கப்பட்ட படம் ஒன்று இருக்கிறது: கைத்தடியோடு, பார்வை போன கிழவர் ஒருவரைத் துணைபிடித்துத் தெருவில் அழைத்துச் செல்கிறார்கள். வாழ்நாள் முழுதும் படம் எடுத்தவர் படத்துக்குள் நடந்து போகிறார். என்ன எரிகிறது என்று அவரால் பார்க்க முடியவில்லை. அதே தீயில் டேபரின் நிலையமும் எரிந்தது. பறிக்கப்பட்ட பழைய தகடுகளும், பறிகொடுத்தவர் மீண்டும் எடுத்த புதிய தகடுகளும் ஒரே நெருப்பில் உருகின.

அதன்பின் அவர் மனம் தேறவில்லை. சில ஆண்டுகள் பண்ணையில் வைத்துப் பார்த்தனர். 1910-இல் நாப்பாவில் இருந்த அரசு மனநல மருத்துவமனையில் சேர்த்தனர். 1916 ஜூன் 23-இல் அங்கேயே இறந்தார். மருத்துவமனை நிலத்தில் பெயர்க்கல் இல்லாத குழியில் அடக்கம் செய்தார்கள்.

தகடுகள் அழிந்தாலும், முன்னரே விற்றுப்போன தாள்கள் அங்கங்கே பிழைத்திருந்தன. நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் சிதறிக் கிடந்தவற்றைத் தேடித் தொகுத்து, 1,200-க்கும் மேற்பட்ட பெருந்தகட்டுப் படங்கள் அடங்கிய நூலொன்றை கெட்டி அருங்காட்சியகம் 2011-இல் வெளியிட்டது. கண்ணாடி ஏரியை ஏரியாகவே வைத்திருக்க வேண்டும் என்று அதில் படியும் மணலை நெடுங்காலம் அள்ளி வந்தார்கள்; 1971-இல் அதை நிறுத்தினார்கள். அதிலிருந்து ஏரி மேடிட்டுச் சிறுகச் சிறுகப் புல்வெளியாகி வருகிறது. பனி உருகும் மாதங்களில் மட்டும், காற்று எழுமுன், வாட்கின்ஸ் மலை அதில் தலைகீழாகத் தெரிகிறது.